ஆடாத முக்காலி, வளரும் நாற்காலி!

குழந்தைகளே, முதலில் ஒரு விடுகதை.

கால் உண்டு, நடக்காது. கை உண்டு, எழுதாது. முதுகு உண்டு, வலிக்காது. அது என்ன?

நாற்காலி! சரியாகச் சொல்லிவிட்டீர்கள். நான்கு கால் இருப்பதால் நாற்காலி. மூன்று கால் இருந்தால் முக்காலி. பெயரிலேயே கணக்கு இருக்கிறது பாருங்கள்!

இப்போது கொஞ்சம் கஷ்டமான கேள்வி. சில நாற்காலிகள் உட்கார்ந்ததும் 'டக் டக்' என்று ஆடும். ஒரு காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைத்துச் சமாளிப்போம். ஆனால் முக்காலியை மேடு பள்ளமான தரையில் போட்டாலும் அப்படி ஆடுவதில்லை. ஏன்?

காரணம் இதுதான். மூன்று புள்ளிகளை எங்கே வைத்தாலும், மூன்றையும் தொடும்படி ஒரு தட்டையான பலகையை வைத்துவிடலாம். நான்காவது புள்ளி வந்தால்தான் சிக்கல். அது கொஞ்சம் மேலேயோ கீழேயோ போய்விடலாம். நாற்காலியின் நான்காவது கால் அந்தரத்தில் நின்று 'டக் டக்' போடுவது அதனால்தான். மூன்று கல் வைத்த அடுப்பில் பானை ஆடாமல் உட்காருவதும், கேமராவுக்கு மூன்று கால் தாங்கி வைப்பதும் இதே காரணத்தால்தான்.

உலகப் புகழ் பெற்ற முக்காலி ஒன்று உண்டு. வட்டமான ஒரு பலகை, வளைந்த மூன்று கால்கள். அவ்வளவுதான்! பூ வேலை இல்லை, சிங்க முகம் இல்லை, பளபளப்பு இல்லை. 1933-ம் ஆண்டு பின்லாந்து நாட்டில் உருவான அந்த முக்காலி, 90 ஆண்டுகள் கடந்தும் அதே வடிவத்தில் தயாராகி வருகிறது. இதுவரை பத்து லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது.

ஒரு சாதாரண முக்காலிக்கு இவ்வளவு மவுசா? வாருங்கள், அது பிறந்த ஊருக்கே போய்ப் பார்க்கலாம்.

பனியும் மரமும்

உலகப் படத்தை எடுங்கள். ஐரோப்பாவின் மேல் பகுதியைப் பாருங்கள். நார்வே, சுவீடன், டென்மார்க் என்று மூன்று நாடுகள் இருக்கும். இவற்றை ஸ்காண்டிநேவிய நாடுகள் என்பார்கள். பக்கத்தில் பின்லாந்து. வீட்டுச் சாமான் செய்வதில் இந்த நான்கு நாடுகளும் அண்ணன் தம்பி மாதிரி. அதனால் நாம் நான்கையும் சேர்த்தே பார்ப்போம்.

அங்கே குளிர்காலம் மிக நீளமானது. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில், டிசம்பர் மாதப் பிற்பகுதியில் சூரியன் ஆறு மணி நேரம்கூட வானில் இருக்காது. இன்னும் வடக்கே போனால், சில வாரங்களுக்குச் சூரியன் உதிப்பதே இல்லை!

யோசித்துப் பாருங்கள். வெளியே இருட்டு. எங்கு பார்த்தாலும் பனி. குழந்தைகளும் பெரியவர்களும் அதிக நேரம் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். அப்படியானால் வீடு எப்படி இருக்க வேண்டும்? வெளிச்சமாக, இடம் அடைக்காமல், தொட்டால் சில்லிடாமல் இருக்க வேண்டும் அல்லவா? அதனால்தான் அவர்களுக்கு வெள்ளைச் சுவரும் வெளிர் நிற மரமும் பிடிக்கும்.

மரத்துக்கும் அங்கே பஞ்சம் இல்லை. பின்லாந்தின் நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு காடுதான். சுவீடனிலும் பெரும்பகுதி காடு. பைன், பிர்ச், ஓக், பீச் என்று பல மரங்கள். இதில் பிர்ச் மரத்தின் பட்டை வெள்ளையாக இருக்கும். உள்ளே மரமும் வெளுப்பாகவே இருக்கும். நம் முக்காலி இந்த பிர்ச் மரத்தின் பிள்ளைதான்.

நோயாளிக்காக ஒரு நாற்காலி

முக்காலியைச் செய்தவர் பெயர் ஆல்வார் ஆல்டோ. 1898-ல் பிறந்த கட்டடக் கலைஞர். அவர் மனைவி ஐனோவும் கட்டடக் கலைஞர். இருவரும் சேர்ந்தே வேலை பார்த்தார்கள்.

1929-ல் பைமியோ என்ற ஊரில் காசநோய் மருத்துவமனை கட்டும் போட்டியில் ஆல்டோ வென்றார். காசநோயைக் குணப்படுத்தும் மருந்து அப்போது உலகில் எங்குமே கிடையாது. ஸ்டிரெப்டோமைசின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தது 1943-ல்தான். அதுவரை நல்ல காற்று, வெயில், ஓய்வு இவைதான் சிகிச்சை. நோயாளிகள் மாதக்கணக்கில் படுத்திருப்பார்கள்.

ஆல்டோ கட்டடம் கட்டும் முன் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். 'இங்கே இருக்கப் போவது யார்?'

விடை: நடமாட முடியாமல் படுத்திருப்பவர். படுத்திருப்பவர் எதைப் பார்ப்பார்? மேல்கூரையை! ஆகவே கண்ணை உறுத்தாத கரும்பச்சை நிறத்தைக் கூரைக்குப் பூசச் செய்தார். விளக்கும் கண்ணில் படாத இடத்துக்குப் போனது. ஓர் அறைக்கு இரண்டு பேர். ஒருவர் கை கழுவினால் தண்ணீர்ச் சத்தத்தில் மற்றவர் விழிக்கக் கூடாதே! குழாய்த் தண்ணீர் சரிவாக விழுந்து ஓசையில்லாமல் வழியும்படி கைகழுவும் தொட்டியை அமைத்தார்.

நோயாளிகள் வெயிலில் உட்கார நாற்காலியும் வேண்டும். அந்தக் காலத்தில் இரும்புக் குழாயை வளைத்துச் செய்த நாற்காலிகள் ஐரோப்பாவில் புது நாகரிகமாக இருந்தன. ஆல்டோவுக்கு அது சரியாகப் படவில்லை. இரும்பு குளிரும், கண்ணைக் கூசும், சத்தம் போடும். நோயாளிக்கு ஆகுமா?

இங்கே ஒரு சின்ன அறிவியல். விடியற்காலையில் ஒரு எவர்சில்வர் தம்ளரைத் தொடுங்கள். பிறகு மரக்கதவைத் தொடுங்கள். தம்ளர்தான் அதிகம் சில்லிடும். உண்மையில் இரண்டும் ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. உலோகம் உங்கள் விரலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது. மரம் மெதுவாகத்தான் இழுக்கும். அதனால் மரம் இதமாக இருக்கிறது.

ஆகவே, மரத்தையே இரும்புக் குழாய் போல வளைத்துவிடுவது என்று ஆல்டோ தீர்மானித்தார். மெல்லிய பிர்ச் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்தார். உட்காரும் இடமும் சாயும் இடமும் ஒரே ஒட்டுப்பலகை. அதன் இரு முனைகளும் சுருண்டிருக்கும். உட்கார்ந்தால் லேசாக ஸ்பிரிங் போல அசைந்து கொடுக்கும். நோயாளி சுலபமாக மூச்சு விடும்படி முதுகைச் சரித்து வைத்தார். பஞ்சும் இல்லை, மெத்தையும் இல்லை. ஆனால் உட்கார்ந்தவர் சுகமாக மூச்சு விட்டார்!

கால் வளைந்த கதை

அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் நம் முக்காலி. அதன் சிறப்பே காலில் இருக்கிறது. பலகைக்கு அடியில் படுத்து, அப்படியே திரும்பிக் கீழே இறங்கும் கால்.

கெட்டியான மரத்தை இப்படி மடக்கினால் படீரென்று முறிந்துவிடும். ஆல்டோவும் அவரது தச்சர்களும் ஒரு தந்திரம் செய்தார்கள். காலின் மேல் முனையில், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே, சீப்பின் பல் போலப் பல கீறல்கள் போட்டார்கள். கீறல்களுக்குள் மெல்லிய மரத் தகடுகளைப் பசை தடவிச் செருகினார்கள். பிறகு சூடு கொடுத்து, அழுத்தி வளைத்தார்கள். பசை காய்ந்ததும் வளைவு அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு பெரிய ஆள் உட்கார்ந்தாலும் தாங்கும் பலம்!

மேலே வட்டப் பலகை, 38 சென்டிமீட்டர் அகலம். உயரம் 44 சென்டிமீட்டர். மூன்று கால்களையும் பலகையில் திருகாணியால் முடுக்கினால் வேலை முடிந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், கால்கள் மாடிப்படி போலச் சுழன்று சுழன்று மேலே போகும். பார்க்கவே அழகு.

இந்த முக்காலிகளை ஆல்டோ தாம் கட்டிய வீபுரி நகர நூலகத்திலும் போட்டார். 1935-ல் திறக்கப்பட்ட நூலகம் அது. கூட்டம் நடக்கும்போது எடுத்துப் போடலாம், முடிந்ததும் அடுக்கி வைக்கலாம். அந்த நகரம் இப்போது வீபோர்க் என்ற பெயரில் ரஷ்யாவில் இருக்கிறது. நூலகமும் இருக்கிறது. பழுது பார்க்கும் பெரிய பணி 2013-ல் முடிந்தது.

முக்காலிக்கு ஒரு குறையும் உண்டு. ஓரமாக உட்கார்ந்து சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். அதனால் நான்கு கால் வைத்தும் ஒரு வகை செய்தார்கள். எதற்கு எது பொருந்துமோ அதுதான் நல்லது!

ஐனோவும் சும்மா இருக்கவில்லை. 1932-ல் ஒரு கண்ணாடித் தம்ளரை வடிவமைத்தார். குளத்தில் கல் போட்டால் வட்டம் வட்டமாக அலை எழும் அல்லவா? அதே போல் தம்ளரைச் சுற்றி வளையங்கள். அழகுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். வளையம் இருப்பதால் கை வழுக்காது, தம்ளருக்குப் பலமும் கூடும். அந்தத் தம்ளரும் இன்றுவரை தயாராகிறது.

டேப் எடுத்த வாத்தியார்

இப்போது கடலைத் தாண்டி டென்மார்க்குக்குப் போவோம். அதன் தலைநகர் கோபன்ஹேகன். அங்கே அரச கலைக் கழகத்தில் 1924-ல் மரச்சாமான் வடிவமைப்புக்கென்று தனி வகுப்பு தொடங்கினார்கள். அதன் ஆசிரியர் கோரே கிளிண்ட்.

அவர் மாணவர்களிடம் 'அழகான அலமாரி வரைந்து வாருங்கள்' என்று சொல்லும் ரகம் அல்ல. முதலில் அளக்க வேண்டும்! மனிதனின் கால் எவ்வளவு நீளம்? கை எட்டும் உயரம் என்ன? வீட்டில் இருக்கும் தட்டு எவ்வளவு அகலம்? மடித்த சட்டை எவ்வளவு இடம் பிடிக்கும்? எல்லாவற்றையும் அளந்த பிறகுதான் அலமாரிக்கு எத்தனை தட்டு, எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்ய வேண்டும்.

இப்படி அளந்து செய்தால் ஒரு லாபம் உண்டு. சின்ன அலமாரியிலேயே நிறைய சாமான் அடங்கும். மரமும் மிச்சம், இடமும் மிச்சம்!

இந்த நாட்டுச் சாமான்கள் எளிமையாக இருப்பதன் ரகசியமே இதுதான். கஞ்சத்தனத்தால் எதையும் குறைக்கவில்லை. யாருக்கு, எதற்கு என்று தெரிந்துவிட்டால், தேவை இல்லாதது தானாகவே கழன்று போகிறது.

செருப்புத் தைப்பவரின் மகன்

டென்மார்க்கில் டோண்டர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவருக்கு 1914-ல் ஒரு மகன் பிறந்தான். பெயர் ஹான்ஸ் வெக்னர். 14 வயதில் ஒரு தச்சரிடம் வேலை பழகச் சேர்ந்தான். உளியும் இழைப்புளியும் அவனுக்கு விளையாட்டுச் சாமான் போல ஆகிவிட்டன.

அந்தச் சிறுவன் வளர்ந்து, வாழ்நாளில் 500-க்கும் மேற்பட்ட நாற்காலிகளை வடிவமைத்தார்! 2007-ல் அவர் மறைந்தபோது உலகமே அவரை 'நாற்காலி மேதை' என்று போற்றியது.

அமெரிக்காவில் 1960 செப்டம்பர் 26 அன்று, ஜனாதிபதி தேர்தலில் நின்ற கென்னடியும் நிக்சனும் டி.வி.யில் முதல் முறையாக விவாதம் செய்தார்கள். கோடிக்கணக்கான மக்கள் பார்த்தார்கள். கென்னடிக்குத் தீராத முதுகு வலி உண்டு. அந்த மேடையில் போட்டிருந்தது வெக்னர் 1949-ல் வடிவமைத்த நாற்காலிதான்!

வெக்னரின் இன்னொரு நாற்காலிக்கு முதுகில், உண்டிவில்லின் கவட்டை போல ஒரு கிளை இருக்கும். அதையும் 1949-ல் வரைந்தார். 1950 முதல் இடைவிடாமல் தயாராகிறது. உட்காரும் இடத்தில் பலகை கிடையாது. நம் கயிற்றுக் கட்டில் மாதிரி பின்னல்தான். ஒரு நாற்காலிக்குச் சுமார் 120 மீட்டர் கயிறு! பழகிய கைக்கே ஒரு மணி நேரம் பிடிக்கும்.

அந்தக் கயிறு எதனால் ஆனது தெரியுமா? காகிதத்தால்! நம்ப முடியவில்லையா? ஒரு காகிதத் துண்டைக் கிழியுங்கள், சுலபமாகக் கிழியும். இன்னொரு துண்டை இறுக்கமாக முறுக்கிவிட்டு இழுங்கள். சீக்கிரம் அறுபடாது. நார்களெல்லாம் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் வரும் பலம் அது. பல ஆண்டுகள் கழித்துப் பின்னல் தளர்ந்தால், அதை மட்டும் அவிழ்த்துப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம். நாற்காலியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அப்பா உட்கார்ந்த நாற்காலியில் மகன் உட்காருவான், பேரனும் உட்காருவான்.

தேக்கில் ஒரு குரங்கு

மரம் என்றால் நாற்காலி மட்டும்தானா? டென்மார்க்கில் காய் போய்சன் என்பவர் வெள்ளி வேலை பழகியவர். ஆனால் குழந்தைகளுக்காக மரப் பொம்மைகள் செய்தார். 1951-ல் அவர் செய்த குரங்கு பொம்மை மிகவும் பிரபலம். நீண்ட கைகள், உருண்டை வயிறு, கால் கை எல்லாம் அசையும். அலமாரி விளிம்பில் ஒரு கையால் தொங்கவிடலாம்.

குழந்தைகள் தங்கள் சட்டையை மாட்டி வைக்கும் கொக்கியாகத்தான் அந்தக் குரங்கு முதலில் உருவானது! 'சட்டையைக் கீழே போடாதே' என்று அம்மா திட்டினால் பிடிக்காது. 'குரங்கு கையில் கொடு' என்றால் ஓடிப் போய்க் கொடுப்போமே!

அந்தக் குரங்கின் உடல் தேக்கு மரம். தேக்கு ஐரோப்பாவில் விளைவதில்லை, ஆசிய மரம். அங்கே கப்பலில் வந்து இறங்கிய தேக்கு, கோபன்ஹேகனில் குரங்காகிச் சிரித்தது.

எல்லோருக்கும் கிடைக்க வேண்டாமா?

கையால் பின்னிய நாற்காலி என்றால் விலை அதிகமாகத்தானே இருக்கும்? ஆமாம். வெக்னர் நாற்காலியைச் சாதாரணக் குடும்பம் சுலபமாக வாங்க முடியாது. அப்படியானால் நல்ல சாமான் பணக்காரர்களுக்கு மட்டும்தானா?

இந்தக் கேள்வி அந்த நாட்டுக்காரர்களையும் உறுத்தியது. டென்மார்க் கூட்டுறவு சங்கம் ஒன்று, கோரே கிளிண்டின் மாணவரான போர்கே மோகன்சன் என்பவரை வேலைக்கு அமர்த்தியது. தொழிலாளர் குடும்பம் வாங்கும் விலையில், உறுதியான நாற்காலி வேண்டும் என்றது. 1947-ல் அவர் கொடுத்தது, நேரான கால்கள், காகிதக் கயிற்றுப் பின்னல், முதுகுக்கு ஒரே ஒரு பட்டை. 'மக்கள் நாற்காலி' என்றே மக்கள் பெயர் வைத்துவிட்டார்கள்!

சுவீடனில் இன்னொரு வழி பிறந்தது. அங்கே இங்வார் காம்ப்ராட் என்ற சிறுவன், தீப்பெட்டிகளை மொத்தமாக மலிவு விலைக்கு வாங்கி, அக்கம் பக்கத்தில் சில்லறையாக விற்பான். 1943-ல், 17 வயதில், படிப்பில் தேறியதற்கு அப்பா கொடுத்த பணத்தை வைத்து ஒரு கம்பெனி தொடங்கினான். அதுதான் ஐக்கியா!

1950-களில் ஒரு நாள், ஐக்கியாவில் வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரென், ஒரு மேசையைக் காரில் ஏற்றப் பார்த்தார். அதுவும் முக்காலி மேசைதான்! கால் இடித்தது, ஏறவில்லை. 'காலைக் கழற்றிவிட்டால் என்ன?' என்று தோன்றியது. அந்த யோசனையில் இருந்து, 1956 முதல் சாமான்களைத் தட்டையான அட்டைப் பெட்டியில் வைத்து விற்க ஆரம்பித்தார்கள். வாங்குபவர் வீட்டில் தாமே பூட்டிக்கொள்ள வேண்டும். லாரியில் காற்றை ஏற்றிப் போகும் செலவு மிச்சம், விலையும் குறைந்தது. இந்தியாவில் இவர்களது முதல் கடை 2018-ல் ஐதராபாத்தில் திறந்தது.

விலை குறைந்தது நல்லதுதான். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வாங்கிச் சீக்கிரம் தூக்கி எறிந்தால், காடு என்ன ஆகும்? மரம் நம் அவசரத்துக்கு வளராது.

அதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம். சுவீடனில் விசிங்சோ என்று ஒரு தீவு. போர்க்கப்பல் கட்ட மரம் வேண்டும் என்று, 1830-களில் அங்கே சுமார் மூன்று லட்சம் ஓக் கன்றுகளை நட்டார்கள். ஓக் மெதுவாக வளரும். 1975-ல் வனத்துறை, 'நீங்கள் கேட்ட மரம் தயார்' என்று கடற்படைக்குத் தகவல் அனுப்பியது. அதற்குள் கப்பல்கள் எல்லாம் இரும்புக்கு மாறிவிட்டன! நட்டவர்களும் இல்லை, கேட்டவர்களும் இல்லை. காடு மட்டும் கம்பீரமாக நிற்கிறது.

ஒரு மரம் வளர அத்தனை காலம் ஆகிறது என்றால், அதில் செய்த நாற்காலியும் அத்தனை காலமாவது உழைக்க வேண்டாமா?

வளரும் நாற்காலி

கடைசியாக, உங்களுக்காகவே செய்த ஒரு நாற்காலி.

நார்வே நாட்டில் பீட்டர் ஓப்ஸ்விக் என்ற வடிவமைப்பாளர் இருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தம் இரண்டு வயது மகனைக் கவனித்தார். கைக்குழந்தைகளுக்கான உயரமான நாற்காலி அவனுக்குச் சின்னதாகிவிட்டது. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தாலோ மேசை எட்டவில்லை, கால் அந்தரத்தில் தொங்கியது.

எத்தனை வீடுகளில், எத்தனை அப்பாக்கள் இதைப் பார்த்திருப்பார்கள்! 'பொறு, நீ பெரியவனானால் சரியாகிவிடும்' என்று சொல்லியிருப்பார்கள். ஓப்ஸ்விக் அப்படிச் சொல்லவில்லை. மகன் நாற்காலிக்கு ஏற்றபடி வளரும் வரை காத்திருப்பானேன்? நாற்காலி மகனுக்கு ஏற்றபடி வளரட்டுமே!

1972-ல் அந்த நாற்காலி விற்பனைக்கு வந்தது. பீச் மரத்தில், ஏணி போல் சாய்ந்து நிற்கும் இரண்டு சட்டங்கள். உள்பக்கம் வரிசையாகப் பள்ளங்கள். உட்காரும் பலகை ஒன்று, கால் வைக்கும் பலகை ஒன்று. இரண்டையும் வேண்டிய பள்ளத்தில் செருகி முடுக்கலாம். குழந்தை வளர வளரப் பலகைகள் கீழே இறங்கும். இரண்டு வயதில் உட்கார்ந்த அதே நாற்காலியில், இருபது வயதிலும் உட்காரலாம். 'டிரிப் டிராப்' என்று அதற்குப் பெயர். ஒரு கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது.

அதில் உட்காரும் குழந்தையின் முகம், மேசையைச் சுற்றி இருக்கும் பெரியவர்களின் முகத்துக்கு நேராக இருக்கும். அப்பா, அம்மா, அக்கா எல்லோருடனும் சரிசமமாக உட்கார்ந்து சாப்பிடலாம், பேசலாம். காலுக்கு அடியிலும் பலகை இருக்கும்.

காலுக்குப் பலகை எதற்கு என்கிறீர்களா? பல வருடம் வகுப்பறையில் நின்றவர்களுக்கு இது தெரியும். உயரமான பெஞ்சில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. கொஞ்ச நேரத்தில் காலை ஆட்ட ஆரம்பிப்பார்கள். 'காலை ஆட்டாதே' என்று அதட்டல் வரும். தொங்குகிற கால் ஆடாமல் என்ன செய்யும்? தொடையின் பின்பக்கம் பெஞ்சு விளிம்பு அழுத்தும், கால் மரத்துப் போகும். குறும்பு பிள்ளையிடம் இல்லை, பெஞ்சின் உயரத்தில் இருக்கிறது! காலுக்கு அடியில் ஒரு பலகையோ, இரண்டு செங்கல்லோ வைத்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

நோயாளிக்கு ஆல்டோ, தொழிலாளிக்கு மோகன்சன், மகனுக்கு ஓப்ஸ்விக். எல்லோரும் நாற்காலியைப் பார்க்கும் முன், அதில் உட்காரப் போகிறவரைப் பார்த்தார்கள். அதைச் செய்ய பனி நாடு தேவையில்லை, பிர்ச் மரமும் தேவையில்லை. ஓர் அளவு டேப்பும், கொஞ்சம் கவனமும் போதும்.

செய்து பாருங்கள்

1. மரத்தை வளைப்பது போல் காகிதத்தை வளைப்போமா? பழைய காலண்டர் அட்டையில் ஒரே அளவில் ஆறு பட்டைகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் பசை தடவி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு தம்ளரின்மேல் வளைத்து ஒட்டுங்கள். நூலால் கட்டி ஒரு நாள் காய விடுங்கள். நூலை அவிழ்த்தாலும் வளைவு நிமிராது! தம்ளரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, முதலில் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

2. காலைத் தரையில் பதித்து, முழங்காலை மடக்கி உட்காருங்கள். தரையில் இருந்து முழங்காலின் பின்பக்கம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் நாற்காலியின் சரியான உயரம். இப்போது நீங்கள் படிக்க உட்காரும் நாற்காலியை அளந்து பாருங்கள். அது உயரம் என்றால், எத்தனை சென்டிமீட்டர் அதிகமோ அத்தனை உயரத்துக்கு ஒரு பலகையைக் காலுக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

3. வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்கள் நாற்காலியையும் அளந்து பாருங்கள். ரொம்பத் தாழ்வாக இருந்தால் எழுந்திருக்க முழங்கால் வலிக்கும். 'எழுந்திருக்கக் கஷ்டமாக இருக்கிறதா?' என்று கேளுங்கள். கஷ்டம் என்றால், கொஞ்சம் உயரமான நாற்காலியை அவர்களுக்கு எடுத்துப் போடுங்கள்.